வைஃபை கேமரா மாட்டியதும் வீட்டு நெட் திணறுகிறதா? ரவுட்டரை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: தரைத்தளம், மாடி உள்ள தனி வீடு. ஹாலில் ஃபைபர் பாக்ஸ், 100 எம்பிபிஎஸ் பிளான். வாசல், பக்கத்துச் சந்து, கொல்லைப்புறம், மொட்டை மாடி என நான்கு வைஃபை கேமரா மாட்டியதிலிருந்து ஹால் டிவியில் படம் நின்று நின்று ஓடுகிறது. இரவு எட்டு மணிக்கு மேல் வாசல் கேமரா 'ஆஃப்லைன்' ஆகிவிடுகிறது. பிளானை 300-க்கு ஏற்றிப் பார்த்தும் அப்படியேதான் இருக்கிறது. விலை கூடிய ரவுட்டர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். பிளானை ஏற்றியதும் வீண் செலவு, பழையதற்கே திரும்பிவிடலாம். 1080பி கேமரா ஒன்று நொடிக்கு ஏறத்தாழ 1.5 முதல் 2 மெகாபிட் வரை அனுப்பும். நான்கும் விடாமல் அனுப்பினாலும் 8-ஐத் தாண்டாது. ஃபைபருக்கு இதெல்லாம் ஒரு பாரமே இல்லை. நெரிசல் இருப்பது உங்கள் பாக்ஸுக்கும் (ரவுட்டர் அதற்குள்ளேயேதான் இருக்கிறது) கேமராக்களுக்கும் நடுவே, காற்றில்.

வைஃபை ஓடும் அலைவரிசைகளில் முக்கியமானவை 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். விலை மலிவான வைஃபை கேமராக்கள் அநேகமாக எல்லாமே 2.4-இல் மட்டும் ஓடுபவை. ஒரு சேனலில் (அலைவரிசைக்குள் பிரித்த ஒரு பாதையில்) ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், மற்றவை காத்திருக்க வேண்டும். ஆகவே யார் எத்தனை மெகாபிட் அனுப்புகிறார் என்பதைவிட, அனுப்ப எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதுதான் கணக்கு. மலைப்பாதையில் முன்னால் ஒரு லோடு லாரி ஏறினால் பின்னால் வரும் கார் எவ்வளவு புதியதாக இருந்தும் பயனில்லை, அல்லவா? உங்கள் வாசல் கேமராதான் அந்த லாரி.

எண்ணில் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ரவுட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒற்றை ஆன்டெனா கேமரா 72 எம்பிபிஎஸ் வேகத்தில் இணையும். இணைப்பை நடத்துவதற்கான மேல்செலவு போக 40 சொச்சம் மிஞ்சும். அதில் 2 மெகாபிட் அனுப்ப ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் போதும். அதே கேமரா இரண்டு செங்கல் சுவரைத் தாண்டி வாசலில் இருந்தால், சிக்னல் குறையக் குறைய வேகத்தைப் படிப்படியாக இறக்கி 7 எம்பிபிஎஸ்ஸுக்கு வந்துவிடும். மிஞ்சுவது 5 அளவுதான். இப்போது அதே 2 மெகாபிட்டுக்கு நொடியில் ஐந்தில் இரண்டு பங்கு நேரம் போகிறது. பாக்கெட் (டேட்டாவின் சிறு துண்டு) தொலைந்து மறுபடி மறுபடி அனுப்ப நேர்ந்தால் பாதி நேரத்தை அந்த ஒரு கேமராவே விழுங்கிவிடும். டிவியும் அதே 2.4-இல் இருந்தால் எஞ்சிய நேரத்தை மற்ற மூன்று கேமராக்களோடும் பக்கத்து வீட்டு வைஃபையோடும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். படம் நிற்பது இதனால்தான்.

இன்னொன்று. போனும் டிவியும் பெரும்பாலும் ரவுட்டர் சொல்வதைக் கேட்பவை. கேமரா நேர் எதிர்: அது பேசும், ரவுட்டர் கேட்கும். வாசலில் நின்று போனில் மூன்று கோடு தெரிந்தால் ரவுட்டரின் குரல் அங்கே எட்டுகிறது என்று மட்டும்தான் பொருள். கேமராவின் அனுப்பு சக்தி பொதுவாக ரவுட்டரைவிடக் குறைவு, ஆன்டெனாவும் சிறிது. 'ஹை பவர்' ரவுட்டர் வாங்கி ஏமாறுவது இங்கேதான். ரவுட்டர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் கேமராவின் தொண்டை மாறப்போவதில்லை.

முதலில் எது நோய் என்று பிரியுங்கள்

சிக்னல் குறைவா, சேனல் நெரிசலா, கரண்ட் பிரச்சினையா? மூன்றுமே செயலியில் 'ஆஃப்லைன்' என்றுதான் தெரியும்.

கேமராவின் செயலியில் 'டிவைஸ் இன்ஃபர்மேஷன்' பக்கத்தில் பெரும்பாலும் சிக்னல் அளவு டிபிஎம் கணக்கில் இருக்கும். -50 அருமை, -65 வரை கவலையில்லை, -70-க்குக் கீழே போனால் தொல்லை ஆரம்பம், -80 என்றால் இணைப்பு நிற்பதே பெரிது. மைனஸ் எண் என்பதால் சிலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். பூஜ்யத்துக்கு அருகில் இருப்பதுதான் நல்லது.

நெரிசலைப் பார்க்க ஆண்ட்ராய்டு போனில் ஏதாவது வைஃபை அனலைசர் செயலி போதும். ஐபோனில் ஆப்பிளின் ஏர்போர்ட் யுட்டிலிட்டி செயலியைப் போட்டு, செட்டிங்ஸில் அதன் வைஃபை ஸ்கேனரை இயக்க வேண்டும். பகல் மூன்று மணிக்கு ஒரு முறை, இரவு ஒன்பதுக்கு ஒரு முறை, ரவுட்டர் அருகிலும் கேமரா அருகிலும் நின்று பாருங்கள். எந்தச் சேனலில் எத்தனை பெயர்கள், அவை எவ்வளவு பலமாக விழுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பரிசோதனைதான் எனக்கு நம்பகமானது. ஒரு கணினியை லேன் ஒயரில் பாக்ஸோடு இணைத்து, கேமராவின் ஐபி முகவரிக்கு (வீட்டு நெட்வொர்க்கில் அதன் எண், 192.168.1.25 போல) நூறு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு செய்தி) அனுப்புங்கள். வைஃபையிலிருந்து பிங் செய்தால் கணினியின் கோளாறும் கணக்கில் சேர்ந்துவிடும், அதனால் ஒயர் கட்டாயம். 2 முதல் 10 மில்லிசெகண்டில் பதில் வந்தால் நலம். 5, 300, 8, 700 என்று குதித்தால் நெரிசல் அல்லது பலவீனமான சிக்னல். நூறில் இரண்டு மூன்றுக்கு மேல் தொலைந்தால் படம் உடையும். ஒழுங்காக வந்துகொண்டிருந்து திடீரென அரை நிமிடம் முழு அமைதி, பிறகு மறுபடி ஒழுங்காக வந்தால் அது வைஃபை கோளாறே அல்ல. கேமரா அணைந்து மறுபடி எழுந்திருக்கிறது.

இரவில் மட்டும் ஏன்?

மூன்று காரணங்கள் ஒரே நேரத்தில் கூடுகின்றன. தெருவில் எல்லோரும் வீடு திரும்பிப் படம் பார்க்கும் நேரம் அது, சேனல் நிறைந்துவிடும். இருட்டில் படத்தில் புள்ளிகள் அதிகம். அந்தப் புள்ளிகளையும் விவரம் என்று எண்ணி கேமரா கூடுதல் டேட்டா அனுப்பும். மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை: இருட்டியதும் கேமராவின் இன்ஃப்ராரெட் எல்ஈடிகள் எரிகின்றன, கரண்ட் தேவை ஏறுகிறது.

5 வோல்ட் யூஎஸ்பி அடாப்டரை வீட்டுக்குள் செருகி, ஐந்து மீட்டர் மெல்லிய ஒயரில் வாசலுக்கு இழுத்திருக்கிறீர்களா? மலிவான யூஎஸ்பி ஒயரின் உள்ளே 28 கேஜ் கம்பி இருக்கும். போக 5, வர 5, ஆகப் பத்து மீட்டர். தடை 2 ஓமுக்குச் சற்று மேல். அரை ஆம்பியர் ஓடினால் ஒரு வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். கேமராவுக்குப் போய்ச் சேர்வது 4 வோல்ட். பகலில் எப்படியோ தாக்குப்பிடிக்கும், எல்ஈடி எரிந்ததும் ரீஸ்டார்ட் ஆகும், எழுந்து மறுபடி எல்ஈடி எரிய மறுபடி விழும். பார்ப்பவர் வைஃபையைத் திட்டிக்கொண்டிருப்பார். தீர்வு எளிது: 5 வோல்ட் பக்கத்தை நீட்டாதீர்கள், 230 வோல்ட் பக்கத்தை நீட்டுங்கள். எலெக்ட்ரீஷியனை வைத்து கேமரா அருகிலேயே மழை படாத பெட்டிக்குள் ஒரு பிளக் பாயிண்ட் போட்டு, கேமராவோடு வந்த அடாப்டரை, வந்த ஒயரோடு மாட்டுங்கள். 12 வோல்ட் கேமராவுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

பல்பு ஹோல்டரில் மாட்டும் கேமரா என்றால் இன்னும் எளிய காரணம் இருக்கலாம். பழக்க தோஷத்தில் யாரோ ஒருவர் சுவிட்சை அணைத்திருப்பார்.

இரவில் தேவையில்லாத அறிவிப்புகள் வந்து குவிந்தால் லென்ஸின் முன்னால் சிலந்தி வலை இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஃப்ராரெட் ஒளியில் ஒற்றை நூல்கூட வெள்ளையாகப் பளிச்சிடும். அது காற்றில் ஆடும்போதெல்லாம் 'அசைவு' என்று கேமரா கிளிப் எடுத்து கிளவுடுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். விளக்குமாற்றால் தட்டினால் நெரிசலில் ஒரு பகுதி குறைந்துவிடும்!

பாக்ஸில் மாற்ற வேண்டியவை

பிரவுசரில் 192.168.1.1 (அல்லது பாக்ஸின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரி) அடித்து உள்ளே போங்கள். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அதே ஸ்டிக்கரில் இருக்கும். சில நிறுவனங்கள் வைஃபை மெனுவைப் பூட்டி வைத்திருக்கும். அப்போது வாடிக்கையாளர் சேவைக்குச் சொல்லி, கீழே உள்ளதை அவர்களையே செய்யச் சொல்லலாம்.

2.4-இன் சேனலை 'ஆட்டோ'விலிருந்து எடுத்து 1, 6, 11 மூன்றில் ஒன்றில் நிறுத்துங்கள். சேனல்களுக்கு இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ், ஒரு வைஃபை எடுத்துக்கொள்ளும் அகலமோ 20. அதனால் ஒன்றோடொன்று உரசாமல் நிற்பவை இந்த மூன்றுதான். மூன்றிலும் கூட்டம் என்றால் '3-இல் யாரும் இல்லையே' என்று அங்கே போக வேண்டாம். ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேச்சை மற்றவர் புரிந்துகொண்டு முறை வைத்துப் பேசுவார்கள். பாதி உரசும் சேனலில் இருப்பவருக்கு அடுத்தவர் பேச்சு வெறும் இரைச்சல். காத்திருக்கவும் தெரியாமல் மோதிக்கொள்வார்கள். ஆகவே மூன்றில் எதில் பக்கத்து வீட்டு சிக்னல் மிகப் பலவீனமாக விழுகிறதோ அதை எடுங்கள். இந்தியாவில் 12, 13-ம் உண்டு. ஆனால் வேறு நாட்டுக்கெனத் தயாரான கேமராக்கள் பல அவற்றைப் பார்ப்பதே இல்லை, அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சேனல் அகலம் '20/40 ஆட்டோ' என்று இருக்கும். 20 மட்டும் என்று வையுங்கள். 40 என்றால் அந்தக் குறுகிய அலைவரிசையில் பாதியை நீங்கள் ஒருவரே பிடிப்பீர்கள், இடைஞ்சலும் இரு மடங்கு வாங்குவீர்கள்.

2.4-க்கும் 5-க்கும் ஒரே பெயர் இருந்தால் பிரியுங்கள். 2.4-க்குப் பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே விட்டுவிட்டு 5-க்கு மட்டும் புதுப் பெயர் கொடுங்கள். கேமராக்கள் எதையும் மறுபடி சேர்க்க வேண்டியிருக்காது. டிவி, போன், லேப்டாப் எல்லாவற்றையும் புதுப் பெயருக்கு மாற்றுங்கள். டிவி பாக்ஸுக்குப் பக்கத்திலேயே இருந்தால் ஒரு லேன் ஒயர் செருகிவிடுங்கள், அதோடு டிவி கதை முடிந்தது. 5-இல் சேனலை 36 முதல் 48-க்குள் அல்லது 149-க்கு மேல் வையுங்கள். 52 முதல் 144 வரை உள்ளவை ரேடாருடன் பகிர்ந்துகொள்பவை. ரேடார் போலத் தோன்றும் சிக்னல் பட்டால் ரவுட்டர் சட்டென்று சேனலைக் காலி செய்துவிடும்.

வைஃபை பாஸ்வேர்டுக்கான பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய கேமராக்கள் சேராது. டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் போதும். கேமராக்களுக்கென்று 'கெஸ்ட்' பெயர் வைப்பது பாதுகாப்புக்கு நல்லது, நெரிசலுக்கு ஒரு பயனும் இல்லை. அதே ரேடியோ, அதே காற்று. கூடுதல் பெயர் ஒவ்வொன்றும் நொடிக்குப் பத்து முறை 'நான் இருக்கிறேன்' என்று அறிவிக்கும். நான்கைந்து பெயர் வைத்தால் அதுவே ஒரு சுமை.

கேமராவின் செட்டிங்ஸில் ஹெச்.265 (படத்தைக் கூடுதலாகச் சுருக்கும் முறை) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஃபிரேம் 15, பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் டேட்டா) 1024 கேபிபிஎஸ், 'வேரியபிள்' என்பதை 'கான்ஸ்டன்ட்' ஆக்குங்கள். இரவுப் புள்ளிகளால் டேட்டா எகிறுவது நிற்கும். ஐ-ஃபிரேம் இடைவெளி 30 அல்லது 60. முழுப் படமாக வரும் அந்த ஃபிரேம்தான் காற்றில் திடீர் அலையாக அடிப்பது. பதிவை உள்ளே இருக்கும் மெமரி கார்டில் வைத்தால் காற்றில் ஒன்றும் போகாது, நீங்கள் பார்க்கும்போது மட்டும் போகும். ஹால் டிவியில் நான்கு கட்டமாக நாள் முழுக்க ஓடவிடும் பழக்கம் இருந்தால், நெரிசலுக்கு உங்கள் பங்கு அது.

சந்தேகப்பட வேண்டியவையும் வேண்டாதவையும்

மைக்ரோவேவ் அவன் 2450 மெகாஹெர்ட்ஸில் ஓடுவது. கதவு பழசாகிச் சரியாக மூடாவிட்டால் கசிவு கூடும். கொல்லைப்புறக் கேமரா சமையலறைச் சுவரில் இருந்து, மைக்ரோவேவ் ஓடும் ஒன்றிரண்டு நிமிடம் மட்டும் படம் உறைந்தால் வேறு சாட்சி வேண்டாம். பெரும்பாலும் சேனல் 1-க்கு மாறினால் தணியும். இண்டக்ஷன் அடுப்பு மேல் பழி போடாதீர்கள், அது ஓடுவது கிலோஹெர்ட்ஸில்.

பாக்ஸின் பின்னால் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் கழற்றிப் பாருங்கள். அந்த வேகத்தில் ஓடும் ஒயர் 2.4-இல் இரைச்சல் கக்கும். இன்டெல் 2012-லேயே இதை அளந்து வெளியிட்டது. ஆன்டெனாவுக்கு ஒரு சாண் தள்ளி வைத்தால்கூட வித்தியாசம் தெரியும்.

கேமராக்கள் என்விஆர் எனும் பதிவுப் பெட்டியோடு 'வயர்லெஸ் கிட்' ஆக வந்தவையா? அந்தப் பெட்டி தனக்கென்று ஒரு வைஃபையை ஒளிபரப்பும். அதை ஃபைபர் பாக்ஸ் தலையிலேயே வைத்து, இரண்டும் ஒரே சேனலில் இருப்பது இங்கே அடிக்கடி காணும் தவறு. இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள், மெனுவில் அதன் சேனலை 1-க்கும் பாக்ஸை 11-க்கும் மாற்றுங்கள். வைஃபையே அல்லாத பழைய அனலாக் வயர்லெஸ் கேமரா எங்காவது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதை அணைப்பது தவிர வழியில்லை. அது முறை வைத்துப் பேசாது, ஓயாமல் பேசும்.

கரண்ட் போய் வந்ததும் கேமரா காணாமல் போனால் அது இடைஞ்சல் அல்ல. கேமரா அரை நிமிடத்தில் எழுந்துவிடும், ஃபைபர் பாக்ஸ் எழ இரண்டு மூன்று நிமிடம். சில கேமராக்கள் தேடிச் சலித்து அப்படியே நின்றுவிடும். பாக்ஸுக்கு ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ் வைத்தால் தீரும்.

வாசலுக்கு நிரந்தர வழி

இவ்வளவும் செய்தபின் சந்து, கொல்லை, மாடிக் கேமராக்கள் ஒழுங்குக்கு வந்துவிடும். வாசல் கேமரா -75-இல் இருந்தால் செட்டிங் எதுவும் அதைக் காப்பாற்றாது. பாக்ஸ் டிவிக்குப் பின்னாலோ இரும்பு பீரோவின் தலையிலோ இருந்தால் முதலில் அதை வெளியே எடுத்து, தலைக்கு மேல் உயரத்தில் மாட்டிப் பாருங்கள். இரும்புத் தகரம் அலையைத் திருப்பி அனுப்பும், தண்ணீர் உறிஞ்சிவிடும். மொட்டை மாடிக் கேமராவுக்கும் பாக்ஸுக்கும் நடுவில் தண்ணீர்த் தொட்டி நின்றால் கேமராவை இரண்டடி நகர்த்துவதே போதுமானதாக இருக்கலாம்.

'எக்ஸ்டெண்டர்' வேண்டாம். ஒவ்வொரு பாக்கெட்டையும் அது பெரும்பாலும் அதே சேனலில் ஒரு முறை வாங்கி மறுபடி ஒரு முறை அனுப்பும்; ஏற்கனவே குறைவாக இருக்கும் நேரம் இரண்டு பங்காகச் செலவாகும். அதற்குப் பதில் பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரை எடுங்கள். கணினியை அதன் லேன் போர்ட்டில் செருகி, ஐபி முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள், டிஹெச்சிபியை (கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வேலையை) அணையுங்கள், 2.4-க்கு வேறு பெயரும் சேனல் 1-ம் கொடுங்கள் (பாக்ஸ் 11-இல் இருக்கட்டும்). அதை வாசல் பக்க ஜன்னலோரம் வைத்து, பாக்ஸின் லேன் போர்ட்டிலிருந்து இதன் லேன் போர்ட்டுக்கு ஒயர் இழுங்கள். வான் போர்ட்டில் (இணையம் உள்ளே வருவதற்கான போர்ட்டில்) செருகினால் அது தனி நெட்வொர்க் ஆகிவிடும், தவறு நடப்பது இந்த இடத்தில்தான். வாசல், சந்து இரண்டு கேமராவையும் அதற்கு மாற்றுங்கள்.

ஒயர் இழுப்பது என்று முடிவாகிவிட்டால், ஏன் கேமரா வரைக்குமே இழுக்கக் கூடாது? உங்கள் வாசல் கேமராவின் வாலை அவிழ்த்துப் பாருங்கள். வெளிப்புற வைஃபை கேமராக்கள் பலவற்றில் பவர் பின்னோடு ஒரு லேன் சாக்கெட்டும் தொங்கும். மாட்டியவர் தேவையில்லை என்று டேப் சுற்றிவிட்டிருப்பார். அதில் கேபிளைச் செருகினால் கேமரா வைஃபையை விட்டே வெளியேறிவிடும். அந்தச் சாக்கெட் கேபிள் வழியே பவர் வாங்கும் பிஓஈ ரகமா என்று கேமரா விவரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் 12 வோல்ட் அடாப்டர் தொடரட்டும், அல்லது 48-ஐ 12 ஆக்கித் தரும் பிஓஈ ஸ்பிளிட்டர் போடலாம். 802.3ஏஎஃப் எனும் பிஓஈ தரத்து நெட்வொர்க் சுவிட்ச் (லேன் ஒயர்களை இணைக்கும் பெட்டி) எதிர்ப்பக்கம் கேட்டபின்தான் கரண்ட் தரும், போர்ட்டுக்கு 15.4 வாட். கேட்காமலே 48 வோல்ட்டைத் தள்ளும் 'பாசிவ்' இன்ஜெக்டரை வாங்கி கேமராவை எரித்துவிடாதீர்கள்.

கேபிள் கேட்-6, முழுச் செம்பு. பிளேடால் கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிவது செம்பு பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நீளம் 100 மீட்டர் வரை போகலாம். வெயிலில் போவது வெளிப்புறத்துக்கான கறுப்பு உறை உள்ளதாக இருக்கட்டும், வீட்டுக்குள் போடும் சாம்பல் நிறக் கேபிள் வெயிலில் வெடித்துவிடும். கரண்ட் ஒயர் போகும் பைப்பில் இதை நுழைக்காதீர்கள், தனிப் பைப் போட்டு ஒரு அடியாவது தள்ளி இழுங்கள். கேமராவுக்கு ஏறும் முன் கேபிளை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது.

ரவுட்டர் மாற்றுவது எப்போது நியாயம் என்றால், பாக்ஸில் 5 கிகாஹெர்ட்ஸ் இல்லாமல் 2.4 மட்டும் இருந்தால், அல்லது சேனலை மாற்ற நிறுவனம் ஒரேயடியாக மறுத்தால்.

எல்லாம் முடிந்த அன்று இரவு ஒன்பதுக்கு அதே நூறு பிங்கை மறுபடி ஓட்டிப் பாருங்கள். நான்குக்கும் ஒயர் இழுக்க வசதியில்லை, ஒன்றுக்குத்தான் முடியும் என்றால் வாசலுக்கு இழுங்கள். அது ஒன்று 2.4-ஐ விட்டு விலகினாலே மற்ற மூன்றுக்கும் தேவையான நேரம் கிடைத்துவிடும்.